தெருவுக்கு எந்த ஸ்போர்ட் பைக்? நிஞ்ஜா 650 நீண்டகால அனுபவம்

600, 650 சிசி ஸ்போர்ட் பைக் வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் பவர் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே ஓர் ஆர்பிஎம் எண்ணும், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது அந்தப் பவர் வரும் என்பதும், போட்டிருப்பார்கள். அதைப் படிப்பவர்கள் குறைவு. ரேஸ் டிராக்கில் அல்லாமல் தெருவில் ஓட்டப்போகிற ஆளுக்கு அந்த எண்தான் முக்கியம் என்பது என் கட்சி. 2021 முதல் கோவையில் கவாசாகி நிஞ்ஜா 650 ஓட்டுகிறேன். ஆபீசுக்கும் அதுதான், வால்பாறைக்கும் அதுதான். காய்கறிக்கு மட்டும் வீட்டில் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. நிஞ்ஜா 650-இல் 649 சிசி, இரண்டு சிலிண்டர். 8,000 ஆர்பிஎம்மில் 68 பிஎஸ் பவர், 6,700-இல் 64 என்எம் டார்க், அதாவது வண்டியை இழுக்கும் சுழற்று விசை. அதே கம்பெனியின் இசட்எக்ஸ்-6ஆர் 636 சிசி, நான்கு சிலிண்டர். இந்தியாவில் விற்கும் மாடல் 13,000 ஆர்பிஎம்மில் 124 பிஎஸ் தருகிறது. ஏறத்தாழ இரண்டு மடங்கு பவர். ஆனால் டார்க் 69 என்எம்தான், அதுவும் 11,000-ஐ நெருங்கும்போதுதான் கிடைக்கும். காரணம் இன்ஜினின் உள் அளவுகளில் இருக்கிறது. 6ஆரின் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும் தூரம் 45.1 மில்லிமீட்டர். 650-இல் அது 60. ஸ்ட்ரோக் குட்டையாக இருந்தால் இன்ஜின் மிக வேகமாகச் சுற்ற முடியும், அதன் பலமும் அப்படிச் சுற்றினால்தான் வரும்.

ஊருக்குள் ஓட்டும்போது ஆர்பிஎம் பெரும்பாலும் 3,000-க்கும் 6,000-க்கும் நடுவில்தான் இருக்கும். வாங்குவதற்கு முன் நண்பர் ஒருவரின் நான்கு சிலிண்டர் 600-ஐ ஓட்டிப் பார்த்தேன். அருமையான வண்டி, மறுக்கவில்லை. ஆனால் அந்த வகை பைக்குகள் முதல் கியரிலேயே நூறைத் தொட்டுவிடும். மீதி ஐந்து கியரை வைத்துக்கொண்டு காந்திபுரத்தில் என்ன செய்வது? அந்த இன்ஜின் முழுசாக விழித்துக்கொள்ள வேண்டுமென்றால் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேக்குத்தான் கொண்டுபோக வேண்டும். 650 அப்படி இல்லை. மூன்றாவது கியரில் 3,500-இல் போய்க்கொண்டிருக்கும்போது பஸ்ஸைத் தாண்ட வேண்டுமென்றால் கியர் குறைக்கவே வேண்டாம், லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் போதும்.

அவிநாசி ரோட்டின் சிக்னல்களில்தான் இந்த பைக்கின் சின்னச் சின்ன நல்ல குணங்கள் தெரியவரும். கவாசாகி கியர்பாக்ஸில் ஒரு வசதி உண்டு. வண்டி நின்றிருக்கும்போது முதல் கியரிலிருந்து மேலே தட்டினால் நியூட்ரலில்தான் போய் நிற்கும், இரண்டாவது கியருக்குத் தாவாது. கேட்க அற்பமாக இருக்கும். 90 விநாடி சிக்னலில் ஷூ முனையால் நியூட்ரலைத் தேடி அலுத்தவர்களிடம் கேளுங்கள். கிளட்சும் லேசு. 2017 மாடலில் இருந்து அசிஸ்ட் அண்ட் ஸ்லிப்பர் கிளட்ச் வருகிறது. இடது கை வலிப்பதில்லை, சட்டென்று கியர் குறைத்தாலும் பின் சக்கரம் உதறுவதில்லை.

சூடு இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஜாமில் மாட்டினால் ஃபேன் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ரேடியேட்டர் ஃபேனுக்குப் பின்னால் ஒரு மூடி வைத்துச் சூடான காற்றைக் கீழே திருப்பிவிட்டிருக்கிறார்கள். அதனால் தொடை வேகாது, கணுக்கால் வேகும். கணுக்காலை மூடும் ஷூ போட்டால் சமாளிக்கலாம். நான்கு சிலிண்டர் ஓட்டும் நண்பர்கள் மதிய நேரத்தில் வண்டியை எடுப்பதே இல்லை.

உட்காரும் நிலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஸ்போர்ட் பைக்கை இரண்டே வருடத்தில் விற்பது இதனால்தான். 6ஆர் மாதிரி சூப்பர்ஸ்போர்ட்டில் ஹேண்டில் தாழ்ந்து, ஃபுட்பெக் உயர்ந்து, உடம்பின் பாரம் மணிக்கட்டில் விழும். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும். நாற்பதில் ஊர்ந்தால் தாங்க எதுவும் கிடையாது. நிஞ்ஜா 650-இல் கிளிப்-ஆன் ஹேண்டிலை மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள், சீட் உயரம் 790 மில்லிமீட்டர்தான். எனக்கு ஐந்தடி ஆறு அங்குலம், இரண்டு காலும் தரையில் நன்றாகவே ஊன்றுகிறது. எடை 196 கிலோ. 2017-இல் சட்டத்தையும் ஸ்விங்ஆர்மையும் புதிதாகச் செய்து எடையை நன்றாகக் குறைத்தார்கள். பழைய மாடலை பார்க்கிங்கில் பின்னால் தள்ளிப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

டபுள்ஸ் போக மட்டும் இதை வாங்காதீர்கள். பின் சீட் சின்னது, உயரம் வேறு. என் மனைவி பொள்ளாச்சி வரை வந்துவிட்டு, "இது ரெண்டு பேர் வண்டி இல்லீங்க, திரும்பிப் போறப்ப நான் பஸ்ல வர்றேன்" என்றார். பஸ்ஸில்தான் வந்தார்.

வால்பாறைச் சாலைதான் இந்த பைக்குக்கென்றே போட்டது போல எனக்குத் தோன்றும். ஆழியாரைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கும், மொத்தம் 40. ஒவ்வொரு வளைவிலும் வேகம் இருபதுக்கு இறங்கி, அங்கிருந்து ஏற்றத்தில் மறுபடி இழுக்க வேண்டும். இரண்டாவது கியரிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மேலிருந்து பஸ் இறங்கும்போது நின்று வழிவிட்டு ஏற்றத்தில் கிளப்புவதும் பயமாக இல்லை. ஒன்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் வரையாடுகள் ரோட்டோரமாக நிற்கும். அங்கே ஹார்ன் அடித்துக்கொண்டு படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. சரி, அது வேறு கதை.

ஹைவேயில் டாப் கியரில் நூறில் போனால் ஆர்பிஎம் 4,700-ஐ ஒட்டி இருக்கும். அங்கே இன்ஜின் அமைதி. 5,000-க்கு மேல் ஃபுட்பெக்கில் மெல்லிய அதிர்வு வரும். இது இரண்டு பிஸ்டனும் எதிரெதிராக ஏறி இறங்கும் 180 டிகிரி கிராங்க், அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இருந்தும் இரட்டை சிலிண்டரின் குணம் முழுக்கப் போவதில்லை. சத்தமும் சுமார்தான், நான்கு சிலிண்டரின் அலறலை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்து போவார்கள். ஜூன், ஜூலையில் உடுமலை, பல்லடம் பக்கம் போனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அறையும். சும்மாவா அங்கே அத்தனை காற்றாலை வைத்திருக்கிறார்கள்? பைக்கை மூடியிருக்கும் முழு ஃபேரிங் அப்போது பாய்மரம்தான். கையை இறுக்காமல் முழங்காலால் டேங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் வண்டி தானாகவே நேராகிவிடும்.

எனக்குக் குறையாகப் படுவது சஸ்பென்ஷன். முன்னால் 41 மில்லிமீட்டர் ஃபோர்க், அட்ஜஸ்ட்மென்ட் எதுவும் கிடையாது. பின்னால் ப்ரீலோட், அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கம், மட்டும் மாற்றலாம். மேடுபள்ளமில்லாத ரோட்டில் குறை சொல்ல முடியாது. கேபிளுக்கோ குடிநீர்க் குழாய்க்கோ தோண்டி மூடிய ரோட்டில் இடுப்பு பதில் சொல்லும். கிரவுண்ட் கிளியரன்ஸ் 130 மில்லிமீட்டர். பெயின்ட் அடிக்காத உள்ளூர் ஸ்பீட் பிரேக்கர்களில் குறுக்காக ஏறி இறங்கப் பழகிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, பின் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்ஷன் கன்ட்ரோல் என் மாடலில் இல்லை. அது இந்தியாவுக்கு 2023-இல்தான் வந்தது. இப்போது வாங்குபவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. மழைக்காலத்தில் பெயின்ட் கோடுகள் மேல் எனக்கு அந்தப் பொறாமை வரத்தான் செய்கிறது.

மைலேஜ் ஊருக்குள் 18, 19. ஹைவேயில் 23, 24 வரை தருகிறது. டேங்க் 15 லிட்டர். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மசகு எண்ணெய் அடித்தால் போதும். பின் டயர் 160/60, விலை கையைக் கடிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை டயர் மாற்றுவது. ரோட்டோரக் கடை ஒன்றில் கடப்பாரை போட்டு நெம்பி அலாய் விளிம்பைக் கீறிவிட்டார்கள். அப்புறம் டயர் மாற்றும் மெஷின் இருக்கும் இடத்துக்கு மட்டும்தான் போகிறேன்.

மற்ற வண்டிகள்? ஹோண்டா சிபிஆர்650ஆரில் நான்கு சிலிண்டர், 95 பிஎஸ். சத்தத்துக்காகவே வாங்கலாம், ஆனால் டார்க் 9,500-இல்தான் உச்சத்துக்கு வரும், எடையும் இருநூறைத் தாண்டும். ட்ரையம்ஃப் டேடோனா 660 மூன்று சிலிண்டர், 95 பிஎஸ், 69 என்எம். இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்கிறது. இன்று எனக்குக் கூடுதல் பணம் இருந்தால் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-8ஆர் பக்கம்தான் போவேன். 776 சிசி, 270 டிகிரி கிராங்க், 6,800-இல் 78 என்எம். தெருவுக்கு வேண்டியது அதில் நிறையவே இருக்கிறது.

பணம் என்றதும் வரி ஞாபகம் வருகிறது. பிஎஸ்6 புகை விதிக்கு ஏற்ற நிஞ்ஜா 650 2020-இல் 6.24 லட்சம் ஷோரூம் விலைக்கு வந்தது. அப்போது தமிழ்நாட்டில் சாலை வரி 8 சதவீதம். 2023 நவம்பரில் இருந்து லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள பைக்குகளுக்கு 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேல் ஜிஎஸ்டியும் 40 சதவீதம் ஆகிவிட்டது, முன்பு செஸ்ஸோடு சேர்த்து 31. இந்த நிலைமையில் நல்ல செகண்ட் ஹேண்ட் வண்டி தேடுவதில் தப்பே இல்லை. 24,000 கிலோமீட்டரில் வால்வ் கிளியரன்ஸ், அதாவது இன்ஜின் வால்வுகளுக்கு விடப்படும் சிறு இடைவெளி, பார்க்க வேண்டும். அந்த இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் தகட்டை மாற்ற வேண்டி வந்தால் கேம்ஷாஃப்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும், கூலி நன்றாகவே வரும். மீட்டர் அதைத் தாண்டியிருந்தால் விற்பவரிடம் அந்த வேலைக்கான பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.