கும்மிக் களத்தில் ஒரு சின்ன மிக்ஸர்: யமஹா எம்ஜி10எக்ஸ்யு

நான்கு மைக், பாட்டுப் போட ஒரு செல்போன், இரண்டு பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பது). எங்கள் வள்ளி கும்மிக் குழுவின் சத்தம் முழுக்க இவ்வளவுதான். காங்கயம், வெள்ளக்கோவில் பக்கத்துக் குழுக்காரர்கள் பார்க்கும்போதெல்லாம், "ஏனுங்க்கா, அந்தச் சின்ன மிக்ஸரே போதுமுங்களா, பெருசு வாங்கோணுமா?" என்று கேட்கிறார்கள். எல்லா மைக்கின் சத்தத்தையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பெட்டிதான் மிக்ஸர். நாங்கள் வைத்திருப்பது யமஹா எம்ஜி10எக்ஸ்யு. இந்த அளவுக் குழுவுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் மாட்டுகிற விதம் தெரியாவிட்டால் எவ்வளவு பெரிய மிக்ஸரும் போதாது. அதனால் இங்கே பாதிக்கு மேல் மாட்டுவதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

கும்மியில் சத்தத்துக்கு என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கச்சேரியில் கேட்பவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். கும்மியில் கேட்பவர்கள்தான் ஆடுகிறார்கள். ஆசிரியர் பாடுகிற சொல்லைக் காதில் வாங்கித்தான் நூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் குனிகிறார்கள், கை தட்டுகிறார்கள், திரும்புகிறார்கள். வள்ளி தினைப்புனம் காக்கிற பாட்டில் ஒரு சொல் கலங்கிப் போனால் வட்டத்தில் ஒரு பக்கம் அடி பிந்திவிடும். சின்னப் பிள்ளை முதல் பேரன் எடுத்த பாட்டி வரை எல்லோரும் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் இது. ஆசிரியரின் குரல் கடைசி வரிசை வரை சொல் சொல்லாகப் போய்ச் சேர்ந்தால்தான் கும்மி நிற்கும். ஒரு மிக்ஸரை நான் எடைபோடுவதும் அதை வைத்துத்தான்.

இனி பெட்டிக்கு வருவோம். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். ஒரு தோள்பையில் அடங்கும். மேல்பக்கம் உலோகத் தகடு. பத்துச் சேனல் என்று பெயர் இருந்தாலும், அதில் மைக் மாட்டக்கூடியவை நான்குதான். 1, 2 இரண்டும் தனிச் சேனல். 3/4, 5/6 ஜோடிச் சேனலில் ஜோடிக்கு ஒரு மைக். மிச்சம் 7/8, 9/10 இரண்டும் செல்போன், கீபோர்டு மாதிரியானவற்றுக்கு. பத்து மைக் மாட்டலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். வாங்கும் முன் உங்கள் மைக்குகளை எண்ணிக்கொள்ளுங்கள். நாங்கள் வாங்கியபோது இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. இதில் நாலில் ஒரு பங்கு விலைக்குப் பளபளப்பான சின்ன மிக்ஸர்கள் கிடைக்கின்றன. அப்படி ஒன்றைப் பக்கத்து ஊரில் கேட்டேன். பாடாத நேரத்திலும் 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. எம்ஜியில் மைக்கின் மெல்லிய சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற பிரீஆம்ப் சுத்தமானது. ஆசிரியர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் மைதானம் அமைதியாக இருக்கும். கொடுத்த காசுக்கு முதல் பலன் அதுதான்.

இப்போது கரண்ட். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

பவர்டு ஸ்பீக்கருக்கு மூன்று முள் பிளக் இருக்கிறது. அதன் எர்த்து, ஸ்பீக்கரின் உடம்பு வழியாக, கேபிளின் வெளிப்பின்னல் வழியாக, மிக்ஸரைத் தாண்டி, பாடுகிறவர் கையில் இருக்கும் மைக்கின் உலோகம் வரை வருகிறது. எங்கேயாவது ஒரு ஸ்பீக்கரில் மின்கசிவு இருந்து, கோவில் போர்டில் எர்த்தும் செத்திருந்தால், அந்தக் கரண்ட் மைக்குக்கு வரும். பிடித்திருப்பவர் வெறுங்காலில், தண்ணீர் தெளித்த மண்ணில் நிற்கிறார். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அதனால் எங்கள் குழுவில் பிளக் சொருகும் முன் எலக்ட்ரீஷியன் தம்பி மல்டிமீட்டர் வைக்கிறார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. அப்புறம் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணைகிற சுவிட்ச்) போட்ட ஒரு சின்னப் போர்டைக் கையோடு கொண்டுபோகிறோம். மிக்ஸர், ஸ்பீக்கர், வயர்லெஸ் ரிசீவர் எல்லாமே அந்த ஒரே போர்டிலிருந்துதான். சீரியல் செட்டுக்கும் டியூப் லைட்டுக்கும் வேறு லைன். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் கழன்றால் 230 வர வேண்டிய இடத்தில் 400 வரைகூட ஏறிவிடும். திருவிழா நேரத்துத் தற்காலிக இணைப்பில் இது நடக்கக்கூடியதே. ஜெனரேட்டர் வைத்தால் அதற்கும் எர்த்து அடித்திருக்கிறார்களா என்று கேட்டே ஆக வேண்டும்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஹம் வந்தால், எர்த்து முள்ளை உடைத்துவிடு, வயரைக் கழற்றிவிடு என்று யோசனை சொல்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். ஹம் நின்றுவிடும், உயிருக்கு இருந்த காவலும் போய்விடும். வேறு வேறு பிளக்பாயிண்டிலிருந்து எடுத்த எர்த்துகள் கேபிள் வழியாக ஒன்றோடொன்று சுற்றிக்கொள்வதால்தான் பெரும்பாலும் ஹம் வருகிறது. எல்லாவற்றையும் ஒரே போர்டுக்குக் கொண்டுவந்தாலே பாதி அடங்கும். மிக்ஸரிலிருந்து ஸ்பீக்கருக்கு எக்ஸ்எல்ஆர் கேபிள் (மூன்று முள் மைக் கேபிள்) போட்டு, அதைக் கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாமல் தள்ளி ஓட்டினால் மீதியும் அடங்கும். குறுக்கே போகத்தான் வேண்டும் என்றால் நேர்க்குறுக்காகத் தாண்டட்டும். லேப்டாப்பின் ஹெட்போன் துளையை மாட்டும்போது மட்டும் இரைந்தால் நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் (சத்தத்தை மைக் துளைக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற சின்னப் பெட்டி) போட்டு, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் பயன்படுத்துங்கள்; அது சத்தம் போகிற கேபிளின் எர்த்தை மட்டும்தான் துண்டிக்கும், பிளக்கின் எர்த்தை அல்ல. சுத்தமான சத்தத்துக்குச் செய்கிற வேலையும் பாதுகாப்புக்குச் செய்கிற வேலையும் மின்சாரத்தில் ஒன்றேதான். இந்த மிக்ஸரோடு பழகியதில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இது.

மிக்ஸருக்குக் கரண்ட் கொடுப்பது பிஏ-10 என்ற தனி அடாப்டர். வீட்டில் கிடக்கிற வேறு அடாப்டர் எதையும் இதில் மாட்டக்கூடாது. மிக்ஸரின் சுவிட்சை அணைத்தாலும் அடாப்டர் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டேதான் இருக்கும். வேலை முடிந்தால் பிளக்கையே கழற்றிவிட வேண்டும்.

போடும் வரிசையும் முக்கியம். எல்லாக் குமிழும் கீழே இருக்க, மிக்ஸரை முதலில் போட வேண்டும், ஸ்பீக்கரைக் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில், மிக்ஸர் கடைசியில். மாற்றிச் செய்தால் 'டொம்' என்று ஓர் அடி விழும். அது ஸ்பீக்கரையும் கெடுக்கும், பக்கத்தில் நிற்கிற குழந்தையின் காதையும் கெடுக்கும்.

48 வோல்ட் ஃபேன்டம் பவருக்கு (மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குத் தருகிற கரண்ட்) இந்த மிக்ஸரில் நான்கு மைக்குக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். கண்டென்ஸர் மைக் இருந்தால்தான் அது தேவை. எங்களிடம் சாதாரண டைனமிக் மைக்குகளும் ஆசிரியரின் வயர்லெஸ் ரிசீவரும் மட்டும் இருப்பதால் அந்த சுவிட்ச் எப்போதும் அணைந்தே இருக்கிறது. தேவைப்பட்டுப் போடுகிறவர்கள் கேபிளெல்லாம் மாட்டி முடித்து, சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் போடுங்கள். போட்ட நிலையில் கேபிளைப் பிடுங்காதீர்கள்.

செல்போனை மாட்டுவதில் ஒரு நுணுக்கம். இபி பின்னை (செல்போனில் சொருகுகிற சின்னப் பின்) ஒரே பி-38 பின்னாக (மிக்ஸரில் சொருகுகிற பெரிய பின்) மாற்றுகிற ஸ்டீரியோ கேபிளை 1-ஆம் சேனலில் சொருகினால், பாட்டில் வாத்தியம் கேட்கும், பாடகர் குரல் காணாமல் போகும். அந்தத் துளை பேலன்ஸ்டு வகை. இடது, வலது இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிடுகிறது. இரண்டிலும் சமமாக இருக்கிற குரல் அதில் அழிந்துவிடுகிறது. மிக்ஸர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். இரண்டு பின்னாகப் பிரிகிற கேபிளை வாங்கி 7/8 ஜோடியில் மாட்டினால் சரியாகிவிடும்.

அப்புறம் கெயின், அதாவது மைக்கின் சத்தத்தை மிக்ஸருக்குள் எவ்வளவு எடுப்பது என்கிற குமிழ். அளவு பிடிக்கிறபோது ஆசிரியரை மெதுவாக 'ஹலோ, ஒன், டூ' சொல்லச் சொல்லாதீர்கள். உச்சத்தில் பாடுகிற ஓர் அடியைப் பாடச் சொல்லுங்கள். பீக் விளக்கு எப்போதாவது ஒருமுறை மினுக்கிவிட்டு அணையும் அளவுக்கு கெயினைத் திருப்பி, அதோடு விட்டுவிட வேண்டும். விளக்கு நின்று எரிந்தால் குரல் உடைகிறது என்று பொருள். வயர்லெஸ் ரிசீவரிலிருந்து வருகிற சத்தம் மிகப் பெரிதாக இருந்தால் முதல் இரண்டு சேனலிலும் பேட் பட்டன் இருக்கிறது, அழுத்தினால் 26 டெசிபல் குறையும். கெயினைப் பயந்து பயந்து குறைவாக வைத்துவிட்டு ஸ்பீக்கரில் ஏற்றுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. அப்படிச் செய்தால் குரலோடு இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

நம் ஊருக்கென்றே செய்து வைத்த மாதிரி இருப்பது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை வெட்டிவிடுகிற எச்பிஎஃப் பட்டன். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்தால் காங்கயம், தாராபுரம் பக்கம் மைக்குக்குள் லாரி ஓடுகிற மாதிரி உறுமும். அந்தப் பட்டனை அழுத்தி, மைக் தலையில் ஒரு ஸ்பாஞ்ச் உறை மாட்டினால் உறுமல் அடங்கிக் குரல் மட்டும் நிற்கும். மேடைப் பலகையில் கால் வைக்கிற 'தொம் தொம்' சத்தமும் குறையும். குரல் மைக் எல்லாவற்றுக்கும் அழுத்திவிடலாம். பம்பை மைக்குக்கு மட்டும் வேண்டாம், அதன் அடிச்சத்தம் மெலிந்துவிடும்.

முதல் இரண்டு சேனலில் ஒரே குமிழில் கம்ப்ரஸர் இருக்கிறது. ஆசிரியர் கதை சொல்லும்போது தாழ்ந்தும், பாட்டில் உயர்ந்தும் போகிற குரலை அது ஒரு மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. கால்வாசி திருப்பினால் போதும். நிறையத் திருப்பினால் சின்னச் சத்தமும் பெரிதாகி மைக் 'ஊய்' என்று கத்த ஆரம்பித்துவிடும். எக்கோ மாதிரியான எஃபெக்ட் 24 வகை இருக்கிறது. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற ரேடியோ செட்டுக்காரர்கள் எக்கோ வைத்துப் பழகிய காதுகளுக்கு அது இல்லாமல் சப்பென்று இருக்கும், எனக்கும் புரிகிறது. ஆனாலும் ஆட்டம் நடக்கும்போது எக்கோ வேண்டாம். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறினால் அடி தப்பும். விநாயகர் வணக்கத்துக்குக் கொஞ்சம் வைத்துவிட்டு, முதல் அடி தொடங்கும்போது எஃப்எக்ஸ் பட்டனை அணைத்துவிடுகிறேன்.

மைக் கத்துவதற்கு மிக்ஸரைக் குறை சொல்வதற்கு முன் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வட்டத்தின் நடுவில் நடந்துகொண்டே பாடுகிற ஆசிரியர் ஸ்பீக்கரின் முகத்துக்கு நேரே வரக்கூடாது. இன்னொன்று, மைதானத்தின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் வைக்கச் சொல்வார்கள். சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி இருக்கிற ஸ்பீக்கரின் சத்தம் பத்தில் ஒரு நொடி பிந்தித்தான் காதுக்கு வரும். பக்கத்து ஸ்பீக்கரும் தூரத்து ஸ்பீக்கரும் ஒரே பாட்டை இரண்டு முறை சொல்ல, ஆடுகிறவர்கள் எதைப் பிடிப்பது என்று திணறுவார்கள். ஒரு பக்கத்திலிருந்தே, உயரமான ஸ்டாண்டில், இரண்டு ஸ்பீக்கரும் பக்கம் பக்கமாக இருப்பது கும்மிக்கு நல்லது. ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை வையுங்கள், பிள்ளைகள் ஓடுகிற இடம்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. பயிற்சி நாட்களில் ஒன்பதரைக்கே நிறுத்திக்கொள்கிறோம், படிக்கிற பிள்ளைகள் உள்ள ஊர். ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் யாரையும் உட்கார வைப்பதில்லை. 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்குகிற காது, மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் பாதி நேரம்தான் தாங்கும். 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரம்தான் கணக்கு.

யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் பதிவு செய்வது எனக்கு மிகவும் பிடித்த வசதி. வள்ளி கும்மி ஆசிரியர் தாசம்பாளையம் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவித்த கலை இது. இருந்தும் பாட்டுகள் பெரும்பாலும் ஆசிரியர்களின் வாயில்தான் இருக்கின்றன. பயிற்சியைப் பதிவு செய்து குழுவினருக்கு அனுப்பினால் சமையல் செய்துகொண்டே கேட்டு மனப்பாடம் ஆகிவிடுகிறது. எல்லா மைக்கும் கலந்த ஒரே பதிவாகத்தான் கிடைக்கும், தனித்தனியாகப் பிரிக்க முடியாது.

குறைகளும் உண்டு. சேனலுக்கு மேலும் கீழும் தள்ளுகிற நீளமான ஃபேடர் கிடையாது, குமிழ்தான். இருட்டில் எது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியாது. ஒரு சின்ன விளக்கு வைத்துக்கொள்ள வேண்டும். "அம்மணி, எம்பட கொரல் எனக்கே கேக்குலியே" என்று ஆசிரியர் சொன்னால், மானிட்டர் அவுட்டிலிருந்து அவருக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் வைக்கலாம். ஆனால் வெளியே போகிற அதே கலவைதான் அவருக்கும் கேட்கும், அந்த அவுட்டில் அவர் குரலை மட்டும் கூட்டித் தர வழியில்லை. ஐந்தாவது மைக் தேவைப்படுகிற குழுக்கள் இதைத் தவிர்த்து எம்ஜி12எக்ஸ்யு பார்க்கலாம். அதில் ஆறு மைக், ஃபேடர், இரண்டு ஆக்ஸ் (தனிக் கலவையை அனுப்புகிற வழி) எல்லாம் இருக்கின்றன. தவில், உறுமி, கீபோர்டு என்று கட்டுகிற குழுவுக்கு அதுவும் போதாது, ரேடியோ செட்டைத்தான் கூப்பிட வேண்டும்.

செம்மண் தூசிக்கும் மார்கழிப் பனிக்கும் மூடி வைக்க ஒரு பருத்தித் துண்டு வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது மூடாதீர்கள், சூடு வெளியே போக வேண்டும். பனியில் நனைந்த மிக்ஸரைத் துடைத்து, நன்றாக உலர விட்டுத்தான் மறுபடி கரண்ட் கொடுக்க வேண்டும். கோவை காந்திபுரத்தில் நாங்கள் வாங்கிய கடையில் ஒரு மைக்கும் ஹெட்போனும் மாட்டி நான்கு மைக் துளைகளையும் சோதித்துக் காட்டினார்கள். எங்கே வாங்கினாலும் அப்படிச் சோதித்து, பெட்டிக்குள் பிஏ-10 அடாப்டர் இருக்கிறதா என்று பார்த்து, பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.