புரோசியன் எம்எக்ஸ் சாயப் பொடி: டர்க்காய்ஸுக்கு மட்டும் வெயில் வேண்டும்

சுவரில் மாட்டும் குயில்ட்டுக்கான (துண்டுத் துணிகளை ஒட்டித் தைக்கும் வேலைப்பாடு) துணிக்கு நானே சாயமேற்றுகிறேன்; வாங்குவது புரோசியன் எம்எக்ஸ் பொடிதான். கொதிக்க வைக்கும் வேலை இல்லை. சோடா ஆஷ் என்ற காரப் பொடியின் கரைசலில் ஊறிய பருத்தியோடு சாயம் வேதிப்பிணைப்பாகவே சேர்ந்துவிடும். மிச்சச் சாயத்தை வெந்நீரில் நன்றாக அலசிவிட்டால், அப்புறம் பக்கத்துத் துண்டில் ஏறாது. வெள்ளையையும் கருஞ்சிவப்பையும் ஒட்டித் தைக்கும் எனக்கு இதுதான் முக்கியம்.

ஃபூஷா என்ற அடர் இளஞ்சிவப்பு துணியில் சட்டென்று பிடிக்கும். டர்க்காய்ஸ் என்ற பச்சை கலந்த நீலம் சோம்பேறி, சூடு கேட்கும். மே மாதம் சென்னை மொட்டைமாடியில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் அடர்த்தியாக வருகிறது. நேவி ப்ளூ கலவைச் சாயம். கசக்கிக் கட்டிய பாப்ளினில் ஓரமெல்லாம் வேறு வேறு நிறமாகப் பிரியும். சிலருக்கு அது குறை. நான் அந்த ஓரங்களைத்தான் வெட்டி இரவு வானத்துக்கு வைக்கிறேன்.

பாலியெஸ்டர் நூலில் இது ஏறாது. தைத்தபின் சாயமேற்றுவதானால் பருத்தி நூலே போடுங்கள்.

நான் வாங்கிய ஆன்லைன் கடைதான் சரியில்லை. டப்பாவில் தயாரிப்புத் தேதி இல்லை, மூடி தளர்ந்து பொடி கொட்டியிருந்தது. மூச்சில் போகக்கூடாத பொடி அது. மாஸ்க் போட்டே பிரியுங்கள். கரைத்த சாயம் நம் வெக்கையில் சீக்கிரம் வலுவிழக்கும், அன்றைக்கு வேண்டியதை மட்டும் கரைத்தால் போதும்.