பழைய புல்லட்டின் என்ஜின் கேஸை கிளீனிங்குக்குக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

அப்பாவின் 1974 மாடல் புல்லட் 350-ஐ முழுதாகப் பிரித்து ரெஸ்டோர் செய்துகொண்டிருக்கிறேன். என்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் இரண்டு பாதிகள், பக்க மூடியான டைமிங் கவர், கியர் பாக்ஸ் கூடு எல்லாமே அலுமினியம். வருடக்கணக்கான ஆயில் பிசுக்கு இறுகிப் போயிருந்ததால், மதுரை கப்பலூர் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்தேன். வேப்பர் பிளாஸ்டிங், அதாவது பொடிக் கண்ணாடி மணிகளைத் தண்ணீரோடு கலந்து அடிக்கும் முறை, தங்களிடம் இருப்பதாகச் சொல்லி வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பியிருந்தார்கள்.

காஸ்டிக் சோடா தொட்டியில் போடக் கூடாது, மணல் அடிக்கக் கூடாது, என்ஜின் நம்பர் இருக்கும் இடத்தை மூடிவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்ண்ணே, புதுசு மாதிரி வரும்" என்றார் ஓனர். கூலி 4,500 ரூபாய் பேசி, 2,000 அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டால் வேலை முடியட்டும் என்றார்.

திரும்பி வந்த கேஸ் வெள்ளி போல மின்னியது. மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். தெற்குவாசலில் எனக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் அதைக் கையில் எடுத்ததுமே முகம் மாறிவிட்டது. துணியில் தின்னரைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தார். சில்வர் பெயின்ட் துணியோடு வந்தது. அடியில் கறுப்புப் படலம், குழிகுழியாக அரித்த உலோகம். போல்ட் துளைகளில் ஊதினால் மணல் கொட்டியது. வேப்பர் பிளாஸ்டிங் என்று காசு வாங்கிக்கொண்டு, காஸ்டிக்கில் ஊறப்போட்டு, மணல் அடித்து, தெரியாமல் இருக்கப் பெயின்டும் அடித்திருக்கிறார்கள்.

லாரி, டிராக்டர் என்ஜின்களின் இரும்பு பிளாக்கைக் கொதிக்கும் காஸ்டிக் சோடாவில் போடுவது பட்டறைகளில் பழைய வழக்கம். இரும்பு அதைத் தாங்கும். அலுமினியம் தாங்காது. காஸ்டிக் அதோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழ் விட்டபடி உலோகத்தையே கரைக்கும். கலவையில் இருக்கும் சிலிக்கன், செம்பு போன்றவை கரையாமல் நின்று கறுப்பாகப் படியும். கேஸின் இரண்டு பாதிகள் சேரும் முகம் அரித்துவிட்டால் ஆயில் கசியும். மில்லிங்கில் கொடுத்துச் சமன் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். அந்த இரண்டு பாதிகளும் சேர்ந்துதான் சிலிண்டர் உட்காரும் வட்டம் உருவாகிறது. முகத்தைச் சீவினால் வட்டம் கோணிப்போகும்.

மணல் அதைவிட ஆபத்து. பழைய புல்லட்டில் இரண்டு ஆயில் பம்புகளும் டைமிங் கவரில்தான் இருக்கின்றன. கவருக்குள் துளைத்த சின்னச் சின்னப் பாதைகள் வழியாகத்தான் கிராங்குக்கு ஆயில் போகிறது. அங்கே நாலு மணல் துகள் தங்கினால் போதும், பிக் எண்டில், அதாவது கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடத்தில், இருக்கும் ஃப்ளோட்டிங் புஷ் என்ற உலோக வளையம் நாசம். அண்ணன் பார்க்காமல் நான் என்ஜினைக் கட்டியிருந்தால் அதுதான் நடந்திருக்கும்.

அந்தப் பட்டறையில் மணல் அடிக்கும் பையன் முகத்தில் ஒரு கைக்குட்டை மட்டும் கட்டியிருந்தான். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் வரும், வந்தால் குணமாகாது. வண்டி போனால் போகிறது, அந்தப் பையனை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

என்ஜின் நம்பரில் இரண்டு இலக்கங்கள் மங்கிவிட்டன. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அப்போது ஆர்டிஓ ஆபீஸில் நம்பரை ஒத்துப் பார்ப்பார்கள். நம்பர் தேய்ந்திருந்தால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். வேறு கேஸ் மாற்றினாலும் அவர்கள் ஒப்புதல் இல்லாமல் ஓட்ட முடியாது.

கேட்கப் போனபோது, "பழைய உலோகம், அப்படித்தான் இருக்கும்" என்றார் ஓனர். பெயின்ட் எதற்கு என்று கேட்டேன். பதில் இல்லை.

அதனால் கொடுப்பதற்கு முன் அவர்கள் மிஷினை நேரில் பாருங்கள். படம் போதாது. எந்த முறையில் சுத்தம் செய்வார்கள் என்பதையும் என்ஜின் நம்பரையும் ரசீதில் எழுதி வாங்குங்கள், தர மறுத்தால் பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நம்பரைத் தெளிவாகப் போட்டோ எடுத்து வையுங்கள். அவசரம் இல்லையென்றால் மண்ணெண்ணெயும் பிரஷும் போதும், நேரம்தான் பிடிக்கும்.

ஏற்கெனவே எங்காவது கொடுத்து வாங்கியிருந்தால், கட்டுவதற்கு முன் ஆயில் பாதை ஒவ்வொன்றிலும் பெட்ரோல் விட்டு, கம்ப்ரஸர் காற்று அடித்து, வெளியே வருவதை வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள். துணியில் நறநறப்பு இல்லாத வரை கழுவிக்கொண்டே இருங்கள்.

நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது. ரசீது இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப் பேச்சும் பணம் அனுப்பிய விவரமும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை வைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.