மாணவர்கள் செய்து கொடுத்த எறி நாற்காலி: தினசரிப் பயிற்சியில் எது நிற்கிறது, எது ஆடுகிறது

கால் இழந்த எறிவீரர்களுக்காக இறுதியாண்டு பொறியியல் மாணவர்கள் செய்து தரும் த்ரோயிங் சேர், அதாவது உட்கார்ந்து எறிவதற்கான நாற்காலி, ப்ராஜெக்ட் கண்காட்சியில் குறை சொல்ல முடியாதபடி இருக்கும். அதன் தரம் தெரிவது திடலில்தான். ஒரு நாளைக்கு 40 எறிதல், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தாலே ஆண்டுக்குப் பத்தாயிரத்தை நெருங்குகிறது. அத்தனை முறையும் வெடுக்கென்று இழுபடுவது வீரர் பிடித்துக்கொள்ளும் ஒரே கம்பி, அதன் அடியில் இருக்கும் ஒரே வெல்டிங்.

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் எஃப்57 (கால் குறைபாடு உள்ளவர்கள் உட்கார்ந்து எறியும் பிரிவு) குண்டு எறிதலில் 14.65 மீட்டர் எறிந்து வெண்கலம் வென்ற ஹொக்காட்டோ ஹொடோஷே சேமா, கண்ணிவெடியில் இடது காலை இழந்தவர். அந்தப் பிரிவில் எல்லோருமே உட்கார்ந்துதான் எறிகிறார்கள். ஓடிவரவோ சுழலவோ வழியில்லை. ஒரு கை கம்பியைப் பிடித்து இழுக்க, அந்த இழுப்பில் உடல் திரும்ப, மறு கையிலிருந்து குண்டு போகிறது. கம்பி வளைந்தால் வீரரின் பலம் அந்த வளைவில் வீணாகிறது. ஆகவே இந்த நாற்காலியில் முதலில் பார்க்க வேண்டியது விறைப்பு. எடை, அழகு, மடக்கும் வசதி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

போட்டி விதிகளைப் படிக்காமல் வரைய உட்காருவது மாணவர் குழுக்களிடம் அடிக்கடி காணும் குறை. மெத்தையோடு சேர்த்து இருக்கை உயரம் 75 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. இருக்கையின் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 30 செ.மீ. வேண்டும். மேற்பரப்பு சமமாகவோ பின்பக்கம் தாழ்ந்தோ இருக்கலாம், முன்பக்கம் தாழக் கூடாது. பிடிகம்பி ஒரே துண்டாக, நேராக இருக்க வேண்டும். வட்டக் குழாய், சதுரக் குழாய் செல்லும். முட்டை வடிவம் செல்லாது. ஸ்பிரிங், அசையும் மூட்டு எதற்கும் இடமில்லை. உள்ளங்கைக்குப் பொருந்தும்படி வளைத்த பிடி கணினித் திரையில் கண்ணைக் கவரும். போட்டியில் நடுவர் அதை ஏற்க மாட்டார். உயரத்தை 75-க்கு மில்லிமீட்டர் பிசகாமல் வைப்பதும் ஆபத்து. சமமில்லாத தரையில் நாற்காலிக் காலின் திருகை ஒரு சுற்று ஏற்றினாலே அளவு மீறிவிடும். 74 வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது கம்பி. வெளிவிட்டம் 32 மி.மீ., சுவர் 2 மி.மீ. உள்ள இரும்புக் குழாய் எந்தக் கடையிலும் கிடைக்கும், பலரும் அதையே போடுகிறார்கள். கம்பி செருகியிருக்கும் இடத்துக்கு மேலே 60 செ.மீ. உயரத்தில் 60 கிலோ இழுப்பு விழுந்தால், கணக்குப்படி அது சுமார் 10 மி.மீ. வளையும். அதைவிட மோசம், அடிப்பகுதியில் தகைவு (உலோகத்துக்குள் விழும் அழுத்தம்) 270 மெகாபாஸ்கலைத் தொடும். சாதாரண மைல்ட் ஸ்டீல் குழாய் அதற்கு முன்பே நிரந்தரமாகக் கோணிவிடும். விட்டம் 38, சுவர் 3 என்று மாற்றினால் வளைவு 4 மி.மீ. சொச்சமாகவும் தகைவு பாதியாகவும் குறையும். இதற்குக் கூடும் எடை மீட்டருக்கு ஒரு கிலோவும் கொஞ்சமும்தான். அலுமினியத்துக்குப் போனால் அதே அளவுக் குழாய் மூன்று மடங்கு வளையும், வெல்டிங் வைத்த இடத்தில் பலமும் வெகுவாகக் குறையும். எப்படியும் தரையோடு கட்டிவைக்கப் போகும் நாற்காலிக்கு அலுமினியம் எதற்கு?

கம்பி சரியாக இருந்தும் ஆட்டம் வருகிறது என்றால் அது செருகும் கூட்டில். கழற்றி மாட்ட வசதியாக 40 மி.மீ. ஆழக் கூடு, குறுக்கே ஒரு பின் (பூட்டு ஊசி) என்று செய்கிறார்கள். புதிதில் கெட்டியாக நிற்கும். சில வாரங்களில் பின் ஓட்டை நீள்வட்டமாகும், கூடும் தேயும். கூட்டுக்குள் அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால் 60 செ.மீ. மேலே அது ஏழெட்டு மில்லிமீட்டர் ஆட்டம். கூட்டின் ஆழத்தை 150 மி.மீ. ஆக்கினால் அதே தேய்மானத்துக்கு 2 மி.மீ.தான் வரும். பின்னை எடுத்துவிட்டு, கூட்டை நெடுக்காகக் கீறி இரண்டு எம்10 (10 மி.மீ. தடிமன்) போல்ட்டால் இறுக்கும் கிளாம்ப் போடுவது இன்னும் மேல்; தேய்ந்தாலும் மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். கூட்டின் அடியில் 5 மி.மீ. தகட்டில் இரண்டு முக்கோணத் தாங்கிகள் கட்டாயம் வேண்டும். விரிசல் முதலில் தெரிவது வெல்டிங் முடியும் ஓரத்தில்தான். வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், பெயின்ட்டில் மயிரிழை போல் துருக்கோடு தெரியும். தெரிந்த அன்றே பயிற்சியை நிறுத்திவிட வேண்டும்.

எல்லாவற்றையும் நகர்த்தும்படி செய்வதில் மாணவர்களுக்குத் தனி ஆர்வம். அளவெடுக்கும் முதல் மாதிரிக்கு அது அருமையான யோசனை. 25 மி.மீ. இடைவெளியில் ஓட்டை போட்ட தகட்டில் கம்பியை முன்னும் பின்னும் நகர்த்தி, வீரர் எறிந்து பார்த்து இடத்தை முடிவு செய்யலாம். முடிவான பிறகு அந்த இடத்திலேயே வெல்டிங் வைத்துவிட வேண்டும். நகரும் ஒவ்வொரு இணைப்பும் பின்னாளில் ஆடும் இணைப்பு. பல வீரர்கள் ஒரே நாற்காலியைப் பகிர வேண்டியிருந்தால் மாற்றும் வசதியைக் கம்பியின் இடத்துக்கும் கால்பலகைக்கும் மட்டும் வைத்தால் போதும்.

இருக்கை விஷயத்தில் காலிழப்பின் அளவு எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. எறிந்து முடியும் வரை வீரர் இருக்கையை விட்டு எழக் கூடாது, எழுந்தால் ஃபவுல். முழங்காலுக்கு மேல் துண்டிக்கப்பட்டவர் செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் அந்தப் பக்கம் எடை குறைவு, ஊன்றவும் கால் இல்லை. எறியும் வேகத்தில் அந்தப் பக்கம் தூக்கும். எஞ்சிய தொடையின் மேல் இடுப்புக்கு நெருக்கமாக 50 மி.மீ. அகலப் பட்டை, வெளிப்பக்கம் தாழ்வான ஒரு பக்கத் தாங்கி, இரண்டும் சேர்ந்தால் அடங்கும். பட்டையை நுனிப் பக்கம் கட்டுவது தவறு. அங்கே தையல் தழும்பு இருக்கும். வியர்வையில் பட்டை உரசி ஒரே வாரத்தில் தோல் உரியும், புண் ஆறும் வரை செயற்கைக் காலையும் மாட்ட முடியாது. இழுபடும் எலாஸ்டிக் பட்டை வேண்டாம். இருக்கையின் முன் விளிம்பை உருட்டிவிட வேண்டும். மெத்தைக்கு மென்மையான பஞ்சு கூடாது, உடல் அமிழ்ந்து அசையும். கெட்டியான ஈவிஏ (நுரை ரப்பர் போன்றது) ஷீட் நல்லது. போட்டியில் உட்கார்ந்து கட்டிக்கொள்ளத் தரும் நேரம் குறைவு என்பதால் பக்கிள் ஒரு கையால் மாட்டும்படி இருக்க வேண்டும்.

நாற்காலியைத் தரையில் கட்டும் ராட்செட் பட்டை (பற்சக்கரப் பிடியால் இறுக்குவது) பாலியஸ்டரில் இருக்கட்டும், நைலான் நீளும். சுமார் 45 டிகிரி சாய்வில் இழுத்துக் கட்டினால் சறுக்கலும் தூக்கலும் ஒருசேர அடங்கும். குழாயின் கூரிய விளிம்பில் பட்டை படும் இடத்தில் ஒரு துண்டு ரப்பர் வைக்காவிட்டால் நூல் பிரியத் தொடங்கும். கால்களுக்கு எம்12 திருகு பாதங்கள் தேவை. தடித்த மெத்து ரப்பர் பாதம் போட்டால் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் நாற்காலி ஆடிக்கொண்டே இருக்கும். கடலோர ஊர்களில் ராட்செட் சீக்கிரம் துருப்பிடிக்கும், மாதம் ஒருமுறை எண்ணெய் விட வேண்டும்.

செய்து கொடுக்கும் மாணவர்களிடம் வாங்கிவைக்க வேண்டியவை: குழாய் அளவும் வெல்டிங் இடங்களும் குறித்த வரைபடத்தின் அச்சுப் பிரதி, கிளாம்ப் போல்ட் நான்கு, உதிரிக் கம்பி ஒன்று, பட்டை ஒரு ஜோடி. செமஸ்டர் முடிந்ததும் குழு கலைந்துவிடும். வரைபடம் கையில் இருந்தால் உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே அதே அளவில் கூட்டை மாற்றிவிடலாம்; இல்லையென்றால் அவர்கள் கையில் கிடைத்த குழாயைத்தான் ஒட்டுவார்கள். மதிப்பெண் போடும் பேராசிரியர்கள் ப்ராஜெக்ட்டை ஒரு செமஸ்டர் முன்னதாகத் தொடங்க வைத்து, வீரர் மூன்று மாதம் எறிந்த பிறகு அதே குழு வந்து தேய்மானத்தை அளந்து சரிசெய்வதையும் மதிப்பெண்ணில் சேர்த்தால், மேலே சொன்ன கோளாறுகளில் பாதி மாணவர்கள் கையிலேயே தீர்ந்துவிடும்.