மெதுவடைக்குப் பூசிய தங்கப் பொடி

கேக் அலங்காரத்துக்கு மினுமினுப்புப் பொடி வாங்குகிறவர்கள், டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஒரு முறை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நான் சுரண்டியது தற்செயலாகத்தான்.

அப்பாவுக்கு எழுபது வயது நிறைந்தது. கேக் என்றாலே முகம் சுளிப்பவர். "எனக்கு இரண்டு இட்லி போதும்" என்பார். சரி, இட்லியாகவே ஒரு கேக் செய்துவிடலாம் என்று இறங்கினேன். வெண்ணெயும் மஞ்சள் கருவும் சேர்த்தால் இட்லி ரவா இட்லி நிறத்துக்குப் போய்விடும். அதனால் வெள்ளைக்கருவும் எண்ணெயும் மட்டும் சேர்த்து, இட்லித் தட்டிலேயே ஊற்றி ஆவியில் வேகவைத்தேன். வெள்ளைச் சாக்லேட்டில் உலர் தேங்காய்த் துருவலைக் கலந்ததும் சட்னி ஆயிற்று. தாளித்த கடுகுக்குக் கருப்பு எள். சாம்பாருக்குக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் பாலேடும். எல்லாம் அமைந்தது, மெதுவடையைத் தவிர. அச்சில் சுட்ட வடை வெளிறிப்போய் இருந்தது; கோகோ தடவினால் கருகியது போல் தெரிந்தது.

கோவையில் கேக் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் தங்கப் பொடியை எடுத்துக் கொடுத்தார்கள். ஐந்து கிராம், 220 ரூபாய். ஸ்டிக்கரில் 'உண்ணத் தகுந்தது' என்ற எழுத்தும் பச்சைப் புள்ளியும். "சாப்பிடலாம்தானே?" என்று கேட்டேன். "அக்கா, ஊர் முழுக்கக் கேக் போடுகிறவர்கள் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்றார் கடைக்காரர். பில் கேட்டதற்கு மெஷின் பழுது என்று துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரவு எட்டு வடைகளுக்கும் தூரிகையால் பூசி முடித்தேன். எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்தது போன்ற பளபளப்பு! மூடியைத் திருகும்போது எண்ணெய்க் கை பட்டு ஸ்டிக்கரின் ஓரம் எழும்பியது. உரித்தால், அடியில் எறும்பு வரிசை போல ஆங்கில எழுத்துகள்: நச்சற்றது, அலங்காரத்துக்கு மட்டும், உண்ணக் கூடாது. ஸ்டிக்கரில் இருந்த உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணின் இலக்கங்களை எண்ணினேன். பதினான்கு இலக்கங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று.

'நச்சற்றது' என்பதும் 'உண்ணத் தகுந்தது' என்பதும் ஒன்றல்ல. இத்தகைய பொடிகள் சிலவற்றில் உலோகத் துகள்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இரண்டு பிறந்தநாள் கேக்குகளின் கதை வருகிறது. 2018இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஆறு குழந்தைகள் வாந்தியெடுத்தார்கள். கேக்கில் இருந்தது செம்புப் பொடி. 2019இல் மிசௌரியில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம்; கேக் பூக்களில் பூசிய மஞ்சள் பொடியில் கால் பங்கு ஈயமாம். எங்கள் வீட்டிலும் அண்ணன் மகளுக்கு இரண்டு வயது.

வடைகள் குப்பைக்குப் போயின. விடியற்காலையில் மைதா, தயிர், சர்க்கரை பிசைந்து டோனட்டாக எண்ணெயில் பொரித்தேன். வடையின் நிறம் பொரித்தால் தானாக வருகிறது. இந்தப் புத்தி முதலிலேயே வந்திருந்தால் 220 ரூபாய் மிச்சம். அப்பா ஒரு விள்ளல் இட்லியைச் சாம்பாரில் தோய்த்து வாயில் போட்டுவிட்டு, "உப்புப் போட மறந்துவிட்டாயா?" என்றார்.

மறுநாள் கடைக்குப் போனேன். விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது என்ற பலகையைக் காட்டினார். "ஸ்டிக்கர் கம்பெனியிலிருந்தே ஒட்டித்தான் வருகிறது" என்று அவர் சொல்லும்போது, கல்லாவுக்குப் பக்கத்தில் அதே ஸ்டிக்கர்ச் சுருள் பாதி தீர்ந்த நிலையில் கிடந்தது. பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம் என்றேன். பதில் பேசாமல் 220 ரூபாயைத் தள்ளினார்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் செயலியில், ஸ்டிக்கரோடு ஒன்று, உரித்த பின் ஒன்று என இரண்டு படங்களோடு புகார் பதிந்திருக்கிறேன். உரிம எண் யாருடையது என்பதையும் அதே செயலியில் தட்டிப் பார்க்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நேற்று அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். அதே அலமாரி, அதே டப்பாக்கள். விலை மட்டும் 250 ஆகியிருக்கிறது.