எம்1 கேரண்டா, எஸ்கேஎஸ்ஸா? ரெண்டும் வச்சிருக்கேன்

டெக்சஸ்ல இருக்கேன், எங்கிட்ட ரெண்டு பழைய செமி-ஆட்டோ ரைஃபிள் (ட்ரிகரை ஒருதடவை அழுத்தினா ஒரு குண்டு, அடுத்தது தானா ஏறிக்கும்) இருக்கு. 1936ல அமெரிக்க ராணுவம் எடுத்துக்கிட்ட எம்1 கேரண்ட் ஒண்ணு, சோவியத்துல சிமோனோவ் டிசைன் பண்ண எஸ்கேஎஸ் இன்னொண்ணு. ரெண்டுமே குண்டு வெடிக்கும்போது வர்ற வாயுவை வச்சுதான் ஓடுது, ஆனா கையில எடுத்தா சுத்தமா வேற மாதிரி.

கேரண்ட்ல 8 ரவுண்டையும் (குண்டையும்) ஒரு இரும்பு கிளிப்போட சேத்து மேலருந்து அப்படியே அமுக்கணும், கடைசி ரவுண்டு போனதும் அந்தக் கிளிப் "டிங்"னு வெளிய தெறிக்கும், அந்தச் சத்தத்துக்காகவே எனக்கு இது உயிர். ஆனா கிளிப் உக்காந்த உடனே போல்ட் (குண்டை உள்ள தள்ளி மூடுற இரும்புத் துண்டு) பாஞ்சு வரும், கட்டைவிரலை சட்டுனு எடுக்கலேன்னா நசுங்கிடும். எனக்கு ஒருதடவை நகம் கறுத்து ரெண்டு மாசம் ஆச்சு. இப்பல்லாம் உள்ளங்கை ஓரத்தால போல்ட் கைப்பிடியைத் தடுத்துக்கிட்டுதான் லோட் பண்றேன்.

எஸ்கேஎஸ்ல 10 ரவுண்டு, மேகசின் (குண்டு நிக்கிற பெட்டி) துப்பாக்கியோடயே இருக்கும், பாதி காலியானாலும் ஒவ்வொண்ணா போட்டுக்கலாம். 7.62×39ங்கற சின்ன குண்டுங்கறதால தோள்ல உதை கம்மி, நாள் முழுக்க சுடலாம்.

குறி பாக்குறதுல எஸ்கேஎஸ் கேரண்ட் கிட்டயே வர முடியாது. கண்ணுக்குப் பக்கத்துல சின்ன ஓட்டை, அதுல பாத்தா போதும். எஸ்கேஎஸ்ல குறி பாக்குற பின்பக்க சைட் கண்ணுல இருந்து ரொம்ப முன்னாடி இருக்கு, வயசான கண்ணுக்கு மங்கலாத் தெரியுது.

ஒண்ணு முக்கியம், பழைய ராணுவ ஸ்டாக் எஸ்கேஎஸ் வாங்கினா போல்ட்டைக் கழட்டி ஃபயரிங் பின் (குண்டைத் தட்டி வெடிக்க வைக்கிற ஊசி) இருக்கிற துளைல கெட்டி கிரீஸ் இல்லாம கழுவிட்டு அப்புறம் சுடுங்க, அந்த ஊசி கிரீஸ்ல ஒட்டிக்கிட்டா ட்ரிகரை அழுத்தாமலே வெடிச்சிடலாம்.