பன்னிரண்டு சிறிய தீர்க்கதரிசிகள்: தனித்தனியாகவா, ஒரே தொகுப்பாகவா?

பழைய ஏற்பாட்டின் கடைசியில், ஓசியா முதல் மல்கியா வரையுள்ள பன்னிரண்டு சிறிய தீர்க்கதரிசன நூல்களையும் அவரவர் காலத்தில் வைத்துத் தனித்தனியாகப் படிக்கலாம். யூத மரபைப் போல ஒரே நூலாக, வரிசை மாறாமலும் படிக்கலாம்.

முதல் வழியின் பலன் ஆமோஸிலும் ஆகாயிலும் நன்றாகத் தெரியும். இஸ்ரவேல் அரசன் இரண்டாம் யெரொபெயாம் காலத்துச் செல்வச் செழிப்பை அறியாமல், ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு விற்றவர்கள் மேல் ஆமோஸுக்கு வந்த கோபம் முழுதாகப் புரியாது. ஆகாய் பேசியது பாரசீக அரசன் தரியுவின் இரண்டாம் ஆண்டில், அதாவது கி.மு. 520-இல். ஆனால் யோவேலுக்கு வந்தால் இந்த வழி தடுமாறும். அதில் எந்த அரசன் பெயரும் இல்லை. அறிஞர்கள் சொல்லும் காலமோ பல நூற்றாண்டுகள் விலகி நிற்கிறது.

சேர்த்துப் படித்தால் யோவேலுக்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. கர்த்தர் சீயோனிலிருந்து கெர்ச்சிப்பார் என்று அதன் கடைசி அதிகாரம் சொல்கிறது. பக்கத்தைத் திருப்பினால் ஆமோஸ் அதே வார்த்தைகளோடு தொடங்குகிறார். ஆமோஸின் முடிவில் இஸ்ரவேலின் அண்டை நாடான ஏதோம் வருகிறது. அடுத்த ஒபதியா முழுவதும் ஏதோமைப் பற்றியது.

சேர்த்துப் படிக்கும் வழிக்கு என்னை இழுத்தது யோனாவும் நாகூமும்தான். யோனாவில் அசீரியரின் நகரமான நினிவே மன்னிப்புப் பெறுகிறது, நாகூமில் அழிகிறது. மோசேக்குச் சீனாயில் சொல்லப்பட்ட ‘இரக்கமும் நீடிய சாந்தமும்’ என்ற அறிக்கையை யோனா குறையாகச் சொல்லிக் கோபப்படுகிறார். நாகூமோ நீடிய சாந்தத்தைச் சொன்ன கையோடு, குற்றவாளியை அவர் தண்டியாமல் விடார் என்கிறார். இரண்டு நூல்களுமே கேள்வியில் முடிகின்றன. நாகூமை மட்டும் படிப்பவர் கடவுளைப் பாதிதான் பார்க்கிறார் என்பேன்.

அப்புறம், வரிசை எது? பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ஓசியா, ஆமோஸ், மீகாவை முதலில் வைக்கிறது. அதனால் கி.மு. எட்டாம் நூற்றாண்டுக்காரர்கள் ஒன்றுசேர்கிறார்கள். யோனாவும் நாகூமும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். ஆனால் யோவேல்–ஆமோஸ் தொடர்ச்சி அறுந்துபோகிறது. எபிரேய வரிசையில் யோனாவுக்கும் நாகூமுக்கும் இடையே மீகா வந்து, ‘தேவரீருக்கு ஒப்பான தேவன் யார்’ என்று மன்னிப்பைப் பாடி முடிக்கிறார். அந்த இடைவெளி எனக்கு முக்கியம்.

சேர்த்துப் படிப்பதற்கு எதிரான வாதமும் லேசானதல்ல. ஓசியா சிறியது, தனியாக வைத்தால் தொலைந்துவிடும் என்றுதான் யூதர்களின் மரபு நூலான தல்மூத், இவற்றைச் சேர்த்து எழுதியதற்குக் காரணம் சொல்கிறது. ஒரே சுருளில் இருப்பதாலேயே ஒரே சிந்தனை என்றாகிவிடாது. சரி, சொல் ஒற்றுமை எல்லாவற்றையும் திட்டமிட்ட இணைப்பாக எடுக்க வேண்டாம். ஆனால் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே யூத ஞானி பென் சீராக் இவர்களைப் ‘பன்னிரு இறைவாக்கினர்’ என்று ஒன்றாகவே நினைவுகூர்கிறார்.

தமிழ் வேதாகமத்தில் இருப்பது எபிரேய வரிசைதான். மொத்தம் 67 அதிகாரங்கள். முதலில் வரிசையாக வாசித்துவிட்டு, பிறகு ஆமோஸுக்கும் ஆகாய்க்கும் வரலாற்று நூல்களை எடுங்கள்.